பனித்தண்டு துளையிடல்: டிரில் எங்கே சிக்குகிறது, வயதுக் கணக்கு எங்கே பிசகுகிறது?

வடமீன் (இழையைத் தொடங்கியவர்)

பனித்தண்டு, அதாவது பனிமேட்டைத் துளையிட்டு எடுக்கும் உருளை வடிவப் பனி, பற்றிய கட்டுரைகளில் "3 கிலோமீட்டர் துளையிட்டு 8 லட்சம் ஆண்டுப் பதிவை எடுத்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் புதைந்து கிடக்கிறது.

வெட்டுவதற்குச் சில நிமிடங்கள்தான் என்றால் ஆழத்துளை ஒன்றுக்கு நான்கைந்து பருவங்கள் ஏன் பிடிக்கின்றன? துளைக்குள் ஊற்றும் திரவத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? கிரீன்லாந்தின் உச்சியில் சுமார் 28 கி.மீ. இடைவெளியில் எடுத்த கிரிப், கிஸ்ப்-2 தண்டுகள் மேல் 90 சதவீதம் அச்சாகப் பொருந்திவிட்டு அடியில் மட்டும் ஏன் முரண்பட்டன? கடைசியாக ஒன்று: கார்பன் டை ஆக்சைடு என்றாலே எல்லோரும் அண்டார்க்டிகாவைக் காட்டுகிறார்கள். கிரீன்லாந்துப் பனியிலும் காற்றுக்குமிழி இருக்கிறதே?

பொது விளக்கம் வேண்டாம். எந்தப் பாகம், எவ்வளவு, எது எப்படிக் கெடுகிறது என்ற அளவில் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கேபிள்முனை

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது எழுதுகிறேன். ஆழத்துளையிடலை வெட்டும் வேலை என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. பனியை வெட்டுவது சுலபம். வெட்டிய துருவலை அப்புறப்படுத்துவதில்தான் முழு வேலையும் அடங்கியிருக்கிறது. துளையில் வரும் கோளாறுகளைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் துருவலில் போய்த்தான் நிற்கும்.

கருவியை மேலிருந்து கீழாகப் பாருங்கள். கேபிளின் முனையில் முறுக்குத்தடுப்பு: மூன்று வில்பட்டைகள் துளைச்சுவரை அழுத்திக்கொண்டு நெடுக்காகச் சறுக்கும், பக்கவாட்டில் திரும்ப விடாது. அதற்குக் கீழே அழுத்தம் தாங்கும் குழாய்க்குள் மோட்டார், கியர், மின்னணுப் பலகை. பிறகு துருவல் அறை, பம்பு. கடைசியில் வெளிக்குழாய், அதனுள் சுழலும் உள்குழாய், அதன் தலையில் பொதுவாக மூன்று வெட்டுப்பற்கள். உள்குழாயின் வெளிப்புறத்தில் ஓடும் திருகுவரிகள் துருவலை மேலேற்றும். பற்களுக்குச் சற்று மேலே, உட்புறமாக, சுருள்வில் வைத்த பிடிநாக்குகள் இருக்கும். தண்டு ஏறும்போது விலகிக் கொடுக்கும். கருவியை மேலே இழுத்தால் பனியைக் கவ்வி அடியில் முறிக்கும்.

இப்போது அளவு. ஹான்ஸ் டௌசன் வகை டிரில்லில் தண்டின் விட்டம் 98 மி.மீ., துளையின் விட்டம் 129.6 மி.மீ. இரண்டுக்கும் இடைப்பட்ட வளையம்தான் துருவலாகிறது. 1 மீட்டருக்கு ஏறத்தாழ 5.6 லிட்டர் கெட்டிப் பனி. உதிர்ந்தபின் அது இரட்டிப்பு இடம் கேட்கும். ஆக 3.5 மீட்டர் தண்டுக்குச் சுமார் 40 லிட்டர் துருவல். அதைக் கொள்ளும் அறை தண்டைவிடச் சற்று நீளமாகவே இருக்க வேண்டியிருக்கிறது. 3.5 மீட்டர் தண்டு எடுக்கும் கருவி 11, 12 மீட்டர் நீளத்துக்குப் போவது இதனால்தான்.

நேரக் கணக்கு: ஒரு சுற்றுக்கு 4 மி.மீ., நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் 3.5 மீட்டரைக் கால்மணி நேரத்தில் வெட்டிவிடலாம். ஆனால் 3,000 மீட்டர் ஆழத்துக்கு விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்க 50 நிமிடம், ஏற 50 நிமிடம். மேலே வந்ததும் கோபுரத்தைக் கிடையாகச் சாய்த்து, தண்டைத் தள்ளியெடுத்து, துருவலைக் கொட்டி, பற்களைத் துடைத்து, மறுபடி நிமிர்த்த வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கு 3.5 மீட்டர் கிடைத்தால் அது நல்ல ஓட்டம். கோடைப் பருவம் இரண்டு, மூன்று மாதம். அதில் முகாமைத் திறக்கவும் மூடவும் ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வடமீன்

கணக்கு தெளிவாகப் புரிகிறது. 3 கி.மீ. அடியில் என்ன நடக்கிறது என்பது மேலே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

கேபிள்முனை

மோட்டாரின் மின்னோட்டம், கேபிளின் இழுவிசை, இறங்கிய நீளம், கருவியின் சாய்வும் சுழற்சியும். இவைதான் கண். தனித்தனியாகப் பார்த்தால் ஏமாற்றும். சேர்த்துப் படிக்க வேண்டும்.

மின்னோட்டம் படிப்படியாக ஏறுகிறது, கருவியும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால் துருவல் அறை நிரம்பி வருகிறது. திடீரென ஏறினால் திருகுவரிகளுக்கிடையே துருவல் கட்டிவிட்டது. இன்னும் பத்து செ.மீ. எடுத்துவிடலாம் என்று ஆசைப்படக் கூடாத நேரம் அது. மின்னோட்டம் குறைவாக இருந்து, சுழல்கிறது ஆனால் இறங்கவில்லை என்றால் பற்களுக்குப் பின்னால் உள்ள ஷூக்களில் பனி ஒட்டியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு எத்தனை மி.மீ. இறங்கலாம் என்று கட்டுப்படுத்துபவை அந்த ஷூக்கள்தான். ஓரிரு மி.மீ. பனி ஒட்டினாலே பல்லின் முனை அடிப்பனியைத் தொடாது. மேலே கொண்டுவந்து துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கருவியின் உடலே சுழல்வதாக உணரி காட்டினால் முறுக்குத்தடுப்பு வழுக்குகிறது. அந்தக் கணமே நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் கேபிள் முறுக்கேறி உள்ளிருக்கும் மின்கம்பிகள் அறுந்துபோகும். வில்பட்டையின் அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகும். அளவுக்கு மீறிக் கூட்டினால் கருவி தன் எடையால் இறங்க மறுக்கும்.

தண்டை முறிக்கும்போது மோட்டாரை நிறுத்திவிட்டு, கேபிளைச் சுற்றியிழுக்கும் வின்சால் மெல்ல இழுப்பார்கள். இழுவிசை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று விழும். அந்த வீழ்ச்சிதான் தண்டு முறிந்ததற்கு அடையாளம். பிடிநாக்கு மழுங்கியிருந்தால் வெறுங்குழாய்தான் மேலே வரும், தண்டு அடியிலேயே நிற்கும். புதிய நாக்குகளை மாட்டி, வெட்டாமல், நிற்கும் தண்டின்மேல் குழாயை நிதானமாக இறக்கிக் கவ்வி எடுக்க வேண்டும்.

தண்டு முறிந்த பிறகு கருவியை அடியில் சும்மா நிற்கவிடக் கூடாது. திரவத்தில் தொங்கும் துருவல் கருவியைச் சுற்றிச் செறிந்து இறுகும். அண்டார்க்டிகாவின் டோம் சி-யில் எபிகா என்ற ஐரோப்பியத் திட்டத்தின் முதல் துளையில் 1998–99 பருவத்தில் 788 மீட்டரில் டிரில் சிக்கியது. மீட்க முடியவில்லை. புதிதாக ஒரு துளை தொடங்கி, 2004 டிசம்பரில்தான் ஏறத்தாழ 3,260 மீட்டருக்குப் போனார்கள். ஒரு சிக்கல் எத்தனை பருவங்களைத் தின்னும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

நீலப்பனி

திரவம் பற்றி. பனியைக் கல்போல நினைத்துவிடக் கூடாது. அழுத்தத்தில் மெதுவாக வழிந்தோடும் பொருள் அது. 1 கி.மீ. பனிக்கு அடியில் சுமார் 90 வளிமண்டல அழுத்தம். துளைக்குள் வெறுங்காற்று இருந்தால் சில நூறு மீட்டருக்குக் கீழே சுவர் உள்வாங்கிக் கருவியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பனியின் அடர்த்திக்குச் சமமான, உறையாத, பனியைக் கரைக்காத ஒரு திரவத்தால் துளையை நிரப்பிவைக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் மட்டும் போதாதா என்று பலர் கேட்பார்கள். அதன் அடர்த்தி 0.80 அளவில், பனிக்கு 0.917. 3,000 மீட்டரில் அந்த வித்தியாசம் மட்டுமே 35 வளிமண்டலம் அளவுக்கு அழுத்தக் குறைவாகிறது. அடிப்பகுதியில் பனி வெதுவெதுப்பாகவும் இளகியும் இருக்கும், அழுத்தக் குறைவும் அங்கேதான் மிகுதி. துளை அங்குதான் முதலில் சுருங்கும். ஆகவே மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானுடன் கனமான இன்னொன்றைக் கலந்து 0.92–0.93 வரை கொண்டுவருவார்கள்.

நீண்ட காலம் கனமேற்றியாக இருந்தது எச்சிஎப்சி-141பி. தண்டுக்கு நல்லது, ஓசோனுக்குக் கேடு. மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வழக்கொழிந்து வருகிறது. கிஸ்ப்-2 துளையிலும் அண்டார்க்டிகாவின் டோம் ஃபூஜி துளையிலும் என்-பியூட்டைல் அசிட்டேட் ஊற்றினார்கள். அதற்கு அடர்த்தி பொருந்தும், கனமேற்றி வேண்டாம். ஆனால் அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் வாட்டும், பல ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை ஊதவைக்கும். கிரீன்லாந்தின் நீம் துளையில் எஸ்டிசால்-240 என்ற எஸ்டரைப் பயன்படுத்தினார்கள். அதன் மூலப்பொருள் தேங்காய் எண்ணெய். நச்சு குறைவு என்பதுதான் அதன் பலம். குளிரில் கெட்டிப்பட்டுக் கருவி இறங்கும் வேகத்தைக் குறைத்துவிடுவது அதன் குறை.

அளவையும் சொல்லிவிடுகிறேன். கேபிள்முனை சொன்ன விட்டத்தில் 3,000 மீட்டர் துளை கிட்டத்தட்ட 40,000 லிட்டர் கொள்ளும். 200 லிட்டர் பீப்பாயில் 200 பீப்பாய். அத்தனையும் விமானத்திலோ டிராக்டர் வரிசையிலோ பனிமேட்டின் நடுவுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: மேல் 80, 100 மீட்டர் வரை இருப்பது ஃபிர்ன், காற்று புகும் இறுகிய வெண்பனி. ஊற்றியதெல்லாம் அதற்குள் கசிந்துவிடும். அதனால் அந்த ஆழம் வரை துளையை அகலப்படுத்தி உறைக்குழாய் இறக்கி அடைத்த பிறகுதான் திரவமே ஊற்றுவார்கள். உறையின் அடிமுனை சரியாக அடையவில்லை என்றால் திரவ மட்டம் இரவோடிரவாக இறங்கும். காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

உருகுநிலை

இதோடு அடிப்பனிச் சிக்கலையும் சேர்க்க வேண்டும். மேற்பரப்பில் மைனஸ் 54 டிகிரி என்றாலும் கீழே போகப்போகப் பூமியின் வெப்பம் ஏறும். 3 கி.மீ. அழுத்தத்தில் பனியின் உருகுநிலையே சுமார் மைனஸ் 2 டிகிரிக்கும் கீழே இறங்கியிருக்கும். அந்த நிலைக்கு அருகே துருவல் பொடியாக இல்லாமல் ஈரமாவுபோல ஒட்டும். வெட்டும் உரசலில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகி, பல்லிலும் ஷூவிலும் உடனே மறுபடி உறையும். 3.5 மீட்டர் எடுத்த கருவி அங்கே அரை மீட்டர் எடுத்தாலே பெரிது.

இதற்குக் கண்ட வழி எத்தனால்–நீர்க் கரைசல். ஒவ்வோர் இறக்கத்திலும் கொஞ்சம் கரைசலைக் கருவியோடு அனுப்பி வெட்டுமுனையில் விடுவார்கள். துருவல் ஒட்டாமல் தளரும். தூய எத்தனால் துளைத்திரவத்தைவிட இலேசு, மேலேறிவிடும். நீர் கலந்தால்தான் அடியில் தங்கும். செறிவு மிஞ்சினால் துளைச்சுவரையும் தண்டையும் சேர்த்துக் கரைக்கும், கரைத்து நீர்த்துப்போனபின் அதே குழம்பு கருவியின்மேல் உறையும். அந்த இடத்தின் வெப்பநிலையில் பனியோடு சமநிலையில் நிற்கும் செறிவைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும்.

முழுதாகச் சிக்கிவிட்டால் கடைசி முயற்சி எத்திலீன் கிளைகால். திரவத்தைவிடக் கனமானது, உறைந்த துண்டுகளாகவோ பையிலோ அனுப்பினால் கருவிவரை இறங்கிச் சுற்றியுள்ள துருவலைக் கரைக்கும். கேபிளில் நிலையான இழுப்பு வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கேபிள் போய்விடும், பிறகு துளையும் இல்லை கருவியும் இல்லை.

தாழைமடல்

வெந்நீர் துளையிடலை ஏன் யாரும் சொல்லவில்லை? தென்துருவத்தில் ஐஸ்கியூப் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2,450 மீட்டர் ஆழத்தில் 86 துளைகள் போட்டார்களே. ஒரு துளைக்கு இரண்டு நாள்கூட முழுதாக ஆகவில்லை.

கேபிள்முனை

துளை மட்டும் வேண்டும் என்றால் வெந்நீர்தான் வேகம். உணரி இறக்கவோ, அடியிலுள்ள ஏரியைத் தொடவோ பொருத்தம். இங்கே பேசுவது தண்டைப் பற்றி. வெந்நீர் அதை உருக்கிவிடும்.

ஏடுபார்ப்பவர்

தண்டு மேலே வந்தபின் நடப்பதைச் சொல்கிறேன். பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பதிவு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் நொறுங்குபனி மண்டலம். இடத்துக்கு இடம் மாறும், ஏறத்தாழ 600-லிருந்து 1,300 மீட்டர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆழத்தில் குமிழிகளுக்குள் காற்று உயர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. மேலே வந்ததும் வெளியழுத்தம் இல்லை. குழாயிலிருந்து தள்ளும்போது தண்டு முழுதாகத்தான் இருக்கும். தட்டில் கிடக்கும்போதே "டிக், டிக்" என்று சத்தம் கேட்கும். பிறகு தட்டுத்தட்டாகப் பிளந்து, சில சமயம் அடுக்கிவைத்த வில்லைகள்போல் ஆகிவிடும். ரம்பம் பட்டால் சிதறும். ஆகவே அந்த மண்டலத்துத் தண்டை வலையுறைக்குள் தள்ளி, வெட்டாமல், பனிக்குகையில் அடுத்த பருவம் வரை படுக்கவைப்பார்கள். ஓய்ந்தபின் ரம்பத்துக்குத் தாங்கும்.

இன்னும் ஆழமாகப் போனால் குமிழியே மறைந்துவிடும். அழுத்தத்தில் காற்று மூலக்கூறுகள் பனிப்படிகக் கூண்டுகளுக்குள் அடைந்துவிடும், இதுதான் கிளாத்ரேட். தண்டு கண்ணாடிபோல் தெளிவாக வரும், விரிசலும் குறையும்.

அடுத்து ஆழக் கணக்கு. கேபிளின் அளவியை மட்டும் நம்பக் கூடாது, கேபிள் எடையால் நீளும். தண்டுத் துண்டுகளை முறிவோடு முறிவு பொருத்தி அளந்து கூட்டுவதுதான் முறை. ஐரோப்பியத் திட்டங்களில் 55 செ.மீ. ஒரு 'பை', ஒவ்வொரு பைக்கும் எண்ணும் மேல்நோக்கிய அம்பும் உண்டு. முறிவு பொருந்தாத இடத்தை அப்படியே குறித்துவைக்க வேண்டும். ஊகித்து நிரப்பினால் அந்தப் பிழை கீழே உள்ள ஒவ்வொரு மீட்டருக்கும் போகும். தண்டைத் தலைகீழாக வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வெட்டுவதற்கு முன் இரண்டு மின்னளவீடுகள். முனைவாய்களை இழைத்த பரப்பில் இழுத்துக் கடத்துதிறன் பார்ப்பது ஒன்று. அமிலத்தைக் காட்டும், எரிமலை அடுக்கு உடனே தலைதூக்கும். பனியூழிக் கால கிரீன்லாந்துப் பனியில் காரத்தூசு அமிலத்தை நடுநிலையாக்கிவிடுவதால் அங்கே அது ஊமையாகிவிடும். மின்காப்புத் தன்மையை அளக்கும் இரண்டாவது முறை குளோரைடு, அம்மோனியத்துக்கும் சேர்த்து அசையும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் எது எதனால் வந்தது என்று பிரிக்கலாம்.

வேதியியலுக்கு, சுமார் 3 செ.மீ. சதுரக் குச்சியாக வெட்டி, சூடான உலோகத் தலைமேல் நிறுத்தி உருக்குவார்கள். தலையில் இரண்டு வளையம்: உள்வட்டத்து நீர் கருவிகளுக்கு, கையும் ரம்பமும் துளைத்திரவமும் பட்ட வெளிவட்டத்து நீர் கழிவுக்கு. நிமிடத்துக்கு 3, 4 செ.மீ. உருகும். இந்த முறை ஃபிர்னில் கெடும்: துளைகள் வழியே உருகுநீர் மேலேறி அடுத்தடுத்த ஆண்டுகளைக் கலந்துவிடும். விரிசல் விழுந்த நொறுங்குபனியிலும் உள்வட்டத்துக்கே துளைத்திரவம் வந்துவிடும். அங்கெல்லாம் தனித்தனி மாதிரியாக வெட்டி, மேற்பரப்பைச் சுரண்டி எடுப்பதே நல்லது.

வடமீன்

இத்தனையும் சரியாக நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். இது இத்தனையாம் ஆண்டு என்று எதை வைத்து எழுதுகிறார்கள்?

பதினெட்டு

பனிப்பொழிவு மிகுந்த இடத்தில் எண்ணலாம். பனியிலுள்ள கனமான ஆக்சிஜன் வகையான ஆக்சிஜன்-18 கோடையில் கூடும், குளிர்காலத்தில் குறையும். தூசும் உப்பும் தத்தம் பருவத்தில் ஏறி இறங்கும். ஒரே அடையாளத்தை நம்பாமல் மூன்று, நான்கைச் சேர்த்து எண்ணினால் கிரீன்லாந்தில் 60,000 ஆண்டுவரை எண்ணிவிடலாம், எண்ணியும் இருக்கிறார்கள். டோம் சி-யில் ஆண்டுக்கு விழுவது நீராகக் கணக்கிட்டால் 2.5 செ.மீ. அளவுதான். காற்று ஒரு பருவத்தையே வாரிக்கொண்டு போய்விடும். அங்கே எண்ண முடியாது.

எண்ணிக்கையைக் கட்டிப்போட ஆணிகள் வேண்டும். மேலே அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்க அடுக்குகள், 1960-களின் நடுப்பகுதியில் உச்சம். அதற்குக் கீழே எரிமலைகள். எனக்குப் பிடித்த ஆணி 1815 தம்போரா, காரணம் அது தனியாக வராது. ஆறு ஆண்டு முன்னதாக, 1809-இல், எந்த மலை என்று இன்றுவரை அடையாளம் தெரியாத ஒரு வெடிப்பு. சல்ஃபேட் வரைபடத்தில் சிறியதும் பெரியதுமாக இரண்டு கூர்முனைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரு துருவத்திலும் அந்த இரட்டையைக் கண்டால் எண்ணிக்கை சரி. இன்னும் கீழே 1257 சமாலாஸ், அதற்கும் கீழே 774–775-இல் ஏற்பட்ட கதிர்வீச்சுப் பாய்ச்சலின் அடையாளமான பெரிலியம்-10, விண்கதிர் மிகும்போது கூடுவது. மிக ஆழத்தில் சுமார் 41,000 ஆண்டுக்கு முன் பூமியின் காந்தப்புலம் தளர்ந்த லஷாம்ப் நிகழ்வு. சல்ஃபேட் வந்து படிய மாதங்கள் ஆகும் என்பதால் அடுக்கு வெடிப்பு ஆண்டுக்கு ஓராண்டு தள்ளியும் இருக்கலாம்.

பலர் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில். பனிக்கு ஒரு வயது, அதனுள் அடைபட்ட காற்றுக்கு வேறு வயது. ஃபிர்ன் வழியே காற்று மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருக்கும். அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 830 கிலோ அளவை எட்டும்போதுதான் துளைகள் மூடிக் குமிழியாகும். அது 50-லிருந்து 120 மீட்டர் ஆழத்தில். ஆகவே காற்று, தன்னைச் சுற்றியுள்ள பனியைவிட இளையது. பொழிவு மிகுந்த அண்டார்க்டிகக் கரையோர லா டோமில் இந்த இடைவெளி சில பத்தாண்டுதான். அண்டார்க்டிகாவின் உட்பகுதியிலுள்ள வோஸ்டாக் போன்ற வறண்ட இடத்தில், பனியூழிக் காலத்தில், 5,000 ஆண்டையும் தாண்டும். வெப்பநிலை முதலில் ஏறியதா கார்பன் டை ஆக்சைடா என்ற வாதங்களில் பாதி இந்த இடைவெளியைத் தவறாகக் கணித்ததால் வந்தவை. கனமான நைட்ரஜன் வகையான நைட்ரஜன்-15 ஃபிர்னின் அடியில் எடையால் சிறிது செறிவதை அளந்து, அந்தக் காலத்து ஃபிர்னின் தடிப்பைக் கண்டு இடைவெளியைத் திருத்துவார்கள்.

குமிழி

நாலாவது கேள்வி இன்னும் நிற்கிறது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். கிரீன்லாந்தில் குமிழி இருக்கிறது, மீத்தேனுக்கு அது மிக நன்றாகவே பயன்படுகிறது. கார்பன் டை ஆக்சைடுக்குத்தான் உதவாது. சுற்றிலும் கண்டங்கள் இருப்பதால் கார்பனேட் தூசு அதிகம் வந்து விழுகிறது. பனிக்குள்ளேயே அமிலம் அதைத் தொட்டு மெல்ல கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. கரிமப் பொருள் சிதைவதும் சேர்கிறது. பக்கத்துப் பக்கத்து மாதிரிகளே ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

அண்டார்க்டிகாவிலும் கை கவனமாக இருக்க வேண்டும். மீத்தேனுக்குப் பனியை உருக்கிக் காற்றைப் பிரிக்கலாம். கார்பன் டை ஆக்சைடுக்கு உருக்கினால் அதே வேதிவினை நீரில் நடந்து அளவு கூடிவிடும். அதனால் வெற்றிடத்தில், குளிர்ந்த நிலையிலேயே, ஊசிகளால் குத்தியோ அரைத்தோ துருவியோ உலர்முறையில் காற்றை வெளியேற்றுகிறார்கள். இந்த வழியில்தான் டோம் சி தண்டில் 8 லட்சம் ஆண்டுத் தொடர் கிடைத்தது. அதில் மிகத் தாழ்ந்த அளவு 172 பிபிஎம் (பத்து லட்சத்தில் 172 பங்கு), 6.67 லட்சம் ஆண்டுக்கு முன்.

கிளாத்ரேட் பனியைச் சாதாரண உறைபெட்டியில் ஆண்டுக்கணக்காக வைத்தால் வாயு கசியும். ஆக்சிஜன் மூலக்கூறு நைட்ரஜனைவிட முந்திக்கொண்டு வெளியேறும், இரண்டின் விகிதம் கெடும். அந்த விகிதம் வயதுக் கணக்குக்கே தேவைப்படுவது. ஆகவே அதற்கான துண்டுகளை எடுத்தவுடன் மைனஸ் 50-இல் வைப்பது அவசியம்.

நீலப்பனி

கிரிப், கிஸ்ப்-2 முரண்பாட்டுக்கு வருகிறேன். கிரிப் 1992-இல் 3,029 மீட்டர், கிஸ்ப்-2 1993-இல் 3,053 மீட்டர். சுமார் 2,700 மீட்டர் வரை ஆக்சிஜன்-18 வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்கலாம். அதற்குக் கீழே கிரிப் காட்டிய கடைசி வெப்ப இடைக்காலம் (இரு பனியூழிகளுக்கு இடைப்பட்ட வெப்பக்காலம்) குதித்துக் குதித்து ஏறி இறங்கியது. அதை உண்மையான காலநிலை என்று முதலில் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. கிஸ்ப்-2 அதே இடத்தில் வேறு வடிவம் காட்டியபோதுதான் தெரிந்தது, அடியில் பனி மடிந்திருக்கிறது. பழைய அடுக்கு புதியதன்மேல் ஏறியிருக்கிறது.

மடிப்பைப் பிடிக்கக் குமிழிக் காற்றே உதவுகிறது. மீத்தேனும், காற்றிலுள்ள ஆக்சிஜன்-18-உம் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுபோல் மாறுபவை. மடியாத அண்டார்க்டிகத் தண்டின் இணையோடு துண்டுதுண்டாக ஒப்பிட்டால் எந்தத் துண்டு எங்கே இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். நீம் தண்டின் இடைக்காலப் பகுதியை இப்படித்தான் அடுக்கிச் சரிசெய்தார்கள்.

தாழைமடல்

அப்படியானால் பனி எங்கே மிகத் தடிமனோ அங்கே துளையிட்டால் மிகப் பழையது கிடைக்கும் அல்லவா?

உருகுநிலை

இல்லை. பலருக்கும் இருக்கும் எண்ணம் இது, ஆனால் நேர்மாறாகவே போகலாம். தடிமனான பனி கம்பளிபோல் பூமியின் வெப்பத்தை அடைத்துவைக்கும். அடி உருகும், பழைய அடுக்குகள் நீராகப் போய்விடும். கிரீன்லாந்தின் இன்னொரு துளையான நார்த்கிரிப்பில் 2003-இல் 3,085 மீட்டரில் அடியைத் தொட்டபோது கீழிருந்த நீர் துளைக்குள் ஏறி உறைந்தது. கடைசி இடைக்காலத்தின் தொடக்கமே அங்கே உருகிப் போயிருந்தது.

பழைய பனிக்குத் தேவை: குறைந்த பொழிவு, அசையாத மேடு, அடி உருகாத அளவுக்கு மிதமான தடிப்பு. ரேடாரில் உள்ளடுக்குகளைப் பின்தொடர்ந்து, அடுக்கு முறியாமல் நெடுக ஓடும் இடத்தைத் தேடுவார்கள். எபிகாவின் தொடர்ச்சியான பியாண்ட் எபிகா திட்டம் அப்படித் தேர்ந்ததுதான் லிட்டில் டோம் சி, டோம் சி-யிலுள்ள கன்கார்டியா நிலையத்திலிருந்து சுமார் 35 கி.மீ. 2025 ஜனவரியில் 2,800 மீட்டரில் பாறையைத் தொட்டார்கள். பழைய டோம் சி துளையைவிட ஆழம் குறைவு, பதிவோ 12 லட்சம் ஆண்டு. அந்த ஆழத்தில் ஒரே மீட்டருக்குள் 13,000 ஆண்டுவரை நெருக்கப்பட்டிருக்கிறது. ஒரு செ.மீ. துண்டை வீணாக்குவது நூறாண்டுக்கு மேல் வீணாக்குவது. பாறைக்கு மேலே உள்ள சுமார் 200 மீட்டரில் பனி நெளிந்திருக்கிறது, அதை வயதுத் தொடரில் சேர்க்கவில்லை.

ஏடுபார்ப்பவர்

அடியைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் 1966-இல் 1,387 மீட்டர் பனிக்குப் பிறகு மூன்றரை மீட்டர் அளவுக்கு உறைந்த மண்ணையும் எடுத்தார்கள். அது பல பத்தாண்டு உறைபெட்டியில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. திறந்து பார்த்தபோது தாவர எச்சங்கள் இருந்தன. சுமார் 4 லட்சம் ஆண்டுக்கு முன் அந்த இடம் பனியின்றி இருந்தது என்பது அதிலிருந்து தெரிந்தது. மண் வரும்போது பனிக்கான வெட்டுப்பல் நொடியில் மழுங்கும், பாறைமுனைக்கு மாற்ற வேண்டும். மாற்ற நேரமில்லை என்று விட்டுவிட்டு வந்த துளைகள் உண்டு.

அடியில் நீர் இருக்கும் இடமானால் தொடாமல் நிறுத்துவதே முறை. டோம் சி-யில் பாறைக்குச் சுமார் 15 மீட்டர் மேலேயும், மேற்கு அண்டார்க்டிகாவின் வெயிஸ் டிவைடில் 3,405 மீட்டரில், சுமார் 50 மீட்டர் விட்டும் நிறுத்தினார்கள். துளைத்திரவம் அடிநீரில் கலந்துவிடக் கூடாது. வோஸ்டாக்கில் பனிக்கடியில் உள்ள ஏரியை 2012 பிப்ரவரியில் 3,769 மீட்டரில் தொட்டபோது துளையின் அழுத்தத்தைக் குறைத்துவைத்திருந்ததால் ஏரிநீர் மேலே பாய்ந்தது. திரவம் ஏரிக்குள் போகவில்லை, ஆனால் பாய்ந்த நீர் மண்ணெண்ணெயோடு கலந்து துளைக்குள்ளேயே உறைந்ததால், அதில் உயிர் தேடியவர்களுக்கு மாதிரி தூய்மையாகக் கிடைக்கவில்லை.

வடமீன்

கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. ஒன்றே ஒன்று: தண்டை எடுத்தபின் அந்தத் துளையை மூடிவிடுவார்களா?

பதினெட்டு

மூடக் கூடாது. உறைக்குழாயை ஆண்டுதோறும் பனிமட்டத்துக்கு மேலே நீட்டிவைத்து, திரவ மட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். துளையிட்ட சூடு ஆறியபின் வெப்பமானியை மிக மெதுவாக இறக்கி ஆயிரத்தில் சில பங்கு டிகிரி துல்லியத்தில் அளப்பார்கள். பனி வெப்பத்தை மந்தமாகக் கடத்துவதால் பனியூழிக் குளிர் இன்னும் ஆழத்தில் தங்கியிருக்கிறது. கிரிப் துளையில் இப்படி அளந்து 1998-இல் வெளியிட்ட கணக்கில், பனியூழி உச்சத்தில் அங்கே இன்றைவிட 23 டிகிரி குளிர் என்று வந்தது. ஆக்சிஜன்-18-ஐ வழக்கமான சூத்திரத்தில் போட்டால் அதில் பாதி அளவுதான் வந்துகொண்டிருந்தது. கிரீன்லாந்துக்கான அந்தச் சூத்திரத்தைத் திருத்தியது தண்டு வெளியே போனபின் நின்ற வெறுந்துளைதான்.

இறக்கும்போது மட்டுமே அளக்க வேண்டும். ஏற்றும்போது கேபிள் திரவத்தைக் கலக்கிவிடும், அந்த அளவு உதவாது.